பேய்க்குப் பூர்வீகம் சொல்பவர்

பேயை நம்புகிறவர்கள் உண்டு, நம்பாதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது, உங்களுக்கும் பழக்கமாகியிருக்கும். இவர் பேயை விரட்டமாட்டார், பேய்க்குப் பயப்படவும் மாட்டார். அதன் பூர்வீகத்தைச் சொல்வார்.

கோட்டைக்குப்பத்தில் எங்களுக்கு வாய்த்தவர் சம்பந்தம், தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். டீக்கடையில், வலை உலர்த்தும் மணலில், கல்யாணப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், எங்கே யார் வாய் தவறி 'பிசாசு' என்றாலும், "எந்த மதத்துப் பிசாசு?" என்று கேட்டு உட்கார்ந்துவிடுவார். எழுந்து ஓடுவது நம் பொறுப்பு.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில், தாமோதரன் மனைவி இருசம்மாள் இறால் கூடையை இறக்கிவைத்த கையோடு மணலில் விழுந்தாள். உடம்பு தூக்கிப்போட்டது. செத்துப்போன மாமியாரைக் கூப்பிட்டுப் பேசினாள். மாமியார்தான் பிடித்துவிட்டாள் என்றது கூட்டம். வேப்பிலைக்கு ஓடப் பார்த்த தாமோதரனின் கையைச் சம்பந்தம் பிடித்துக்கொண்டார்.

"அவசரப்படாத. அசுரன்னா ஆதியில கெட்டவன் இல்ல. வேதத்துல வருணனுக்கே அந்தப் பட்டம் உண்டு. பின்னால வந்தவங்கதான் அத்தக் கெட்ட பேராக்கிட்டாங்க. பாரசீகத்துல நம்ம தேவருங்கதான் பிசாசு!"

"என் பொண்டாட்டிக்கு இன்னா பண்றது, சொல்லு நைனா!"

"அதுக்குத்தான் வரேன்."

வந்தாரா? தேவதூதனாயிருந்து விழுந்த சாத்தானிடம் போனார். அங்கிருந்து புகையில்லாத நெருப்பில் பிறந்த ஜின்களுக்கு வந்து, அவர்களில் நல்லவர்களும் உண்டு என்று நிறுத்தி நிதானமாக விளக்கினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் வாயைப் பிளந்து கேட்டேன். இருசம்மாளுக்குக் கண் செருகிக்கொண்டிருந்தது.

சந்தையில் அவளுக்குப் பக்கத்தில் கூடை வைக்கிற கைருன் பீவி, கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து அவள் நெற்றியில் கை வைத்தாள். அதுவரை அவளைத் தொட்டுப் பார்த்தவர் யாருமில்லை.

"அல்லா! ஒடம்பு அடுப்பாட்டம் கொதிக்குது! பஸ்ஸு கெளம்பப் போவுது, தூக்குங்கய்யா!"

"ஜின்னப் பத்தி உங்க கிதாபுல..." என்று ஆரம்பித்தார் சம்பந்தம்.

"அது கெடக்கட்டும். நீங்க கால புடிங்க."

பிடித்தார். பொன்னேரி ஆஸ்பத்திரியில் மலேரியா என்றார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டாள் என்றும் சொன்னார்கள். தாமோதரன் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து விக்கி விக்கி அழுதான்.

பத்தாம் நாள் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவளைப் பார்க்கச் சம்பந்தம் வந்தார். தலையைக் குனிந்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். பாவம், எவ்வளவு நேரம்தான் இருப்பார்?

"அந்தக் காலத்துல ஜுரத்தையே ஒரு அசுரனாத்தான் வெச்சிருந்தாங்க, தெரியுமா?"

இருசம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்பறம்?" என்றாள்.

சிரிக்கிறீர்கள். சரி, வருணனும் பாரசீகமும் ஓடிக்கொண்டிருந்தபோது மணலில் ஒருத்தி கிடந்தாளே, அவளை எத்தனை வரி மறந்திருந்தீர்கள்? எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிவிட்டேன், சொல்வதாக இல்லை.