நாலாவது மாடியில் கடல்

"எங்கன்னு சீக்கிரம் சொல்லுங்கண்ணே, கை நழுவுது!" என்று கண்ணாடித் தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல் கெஞ்சியது.

முந்நூறு லிட்டர் பிடிக்கிற தொட்டி. உருக்காலையிலிருந்து கூட்டி வந்த நாலு பேர் அதைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி வந்து நடைவழியில் நின்றார்கள். அதை எங்கே வைப்பது என்று சபிர்ஜான் அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்திருந்தார். கூடத்தில் வைக்கலாமென்றால் மதியம் முழுக்க அங்கே வெயில் அடிக்கும். சமையலறையில் வைத்தால் மனைவி குல்யாஷ் அவரையும் சேர்த்து அதற்குள் அமுக்கிவிடுவாள். மிச்சம் இருந்தது ஒரே ஓர் அறை.

"தோல்கின் ரூம்ல வைங்கப்பா."

"அங்க அவ மேஜை இருக்கே?" என்றாள் குல்யாஷ்.

"பால்கனிக்குப் போகட்டும். அவதான் படிச்சு முடிச்சாச்சே."

மேஜை பால்கனிக்குப் போயிற்று.

தோல்கின் அவர்களுடைய ஒரே மகள். நாலு வருஷமாகத் துருக்கியில், அந்தால்யாவில், ஒரு கடற்கரை ஹோட்டலில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் பேச்சில்லாமல் போனைத் திருப்பிக் கடலைக் காட்டுவாள். நீலமாக, முடிவே இல்லாமல் இருக்கும். இந்தப் பக்கம் சபிர்ஜானும் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குக் கடலைப் பார்க்க ஆசையில்லை. போன் எப்போது திரும்பும், மகள் முகம் எப்போது தெரியும் என்றுதான் காத்திருப்பார்.

கஜகஸ்தானின் நடுவில், செம்பு எடுக்கிற எங்கள் ஜெஸ்கஸ்கனில் தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நாள்கணக்கில் ரயிலில் உட்கார வேண்டும். ஆகையால் சபிர்ஜானுக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. மகளைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கடல்தான். யாராவது ஒரு பையன் பிடித்து வைத்திருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை பேசலாம். கடலிடம் போய் என்ன பேசுவது?

ஏப்ரலில் அவள், "ஆகஸ்ட்ல வரேம்ப்பா" என்றாள்.

"எத்தனை நாள் லீவு?"

"வந்து பேசிக்கலாம்ப்பா."

ஹோட்டலில் ரெண்டு வாரத்துக்கு மேல் லீவு கிடைக்காது என்று சபிர்ஜானுக்குத் தெரியும். அந்த ரெண்டு வாரத்துக்குள் அவள் மனசு மாற வேண்டும். மறுநாளே அல்மாத்தி நகரத்தில் தொட்டியில் வளர்க்கிற கடல்மீன் விற்கும் லாரிசா என்கிற அம்மாளுக்குப் போன் போட்டு, "எனக்கு ஒரு கடல் வேணும். பவளம் கிவளம் எல்லாத்தோடயும்" என்றார்.

அப்படித்தான் தொட்டி வந்தது. கீழ்வீட்டு அமன்தாய் படியேறி வந்து பார்த்தார். முப்பது வருஷமாகச் செம்பு உருக்காலையில் சபிர்ஜானோடு வேலை பார்ப்பவர்.

"யோவ் சபிர், என் கட்டிலுக்கு நேர் மேலயா வெச்சிருக்க? இப்பவே நீச்சல் கத்துக்கணுமா, இல்ல கொஞ்ச நாள் போகட்டுமா?"

உப்பைக் கரைத்து ஊற்றி, மணல் பரப்பி, லாரிசா அனுப்பிய கற்களை அடுக்கியாயிற்று.

"இப்ப மீனை விடலாமா?" என்று சபிர்ஜான் போனில் கேட்டார்.

"அவசரப்படாதீங்க. கல்லு பழுக்கணும், அதுல நுண்ணுயிர் வளரணும். ஒரு மாசம் ஒண்ணும் விடாதீங்க."

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் வெறுங்கையோடு பார்க்கக் கூடாது. ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கட்டடமே துணியும் சாக்லேட் டப்பாவுமாக வரிசையில் வந்து தொட்டி முன்னால் நின்றது.

"மீன் எங்க?"

"வரும்."

"அப்ப இது என்ன?"

"கல்லு."

"அது தெரியுது. என்ன பண்ணுது?"

"பழுக்குது."

எல்லோரும் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். ரெண்டாவது மாடிக்காரி, "மீன் வந்ததும் தரேன்" என்று சாக்லேட் டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

மூணாவது வாரம் கல்லிலெல்லாம் பழுப்பாகக் கசடு படிந்தது. கீழே ஒரு வடிகட்டும் தொட்டி வேண்டும், பக்கத்திலேயே சுத்தமான தண்ணீருக்கு ஒரு பீப்பாய் வேண்டும் என்றாள் லாரிசா. பீப்பாய் இருக்க வேண்டிய இடத்தில் தோல்கினின் துணி அலமாரி நின்றது.

அலமாரியைக் காலி செய்தது குல்யாஷ்தான். பள்ளிக்கூடக் கடைசி நாளில் மகள் கட்டியிருந்த வெள்ளை ஏப்ரனை ரொம்ப நேரம் மடித்துக்கொண்டே இருந்தாள்.

"அவ வந்து துணிமணியை எங்க வைப்பா?"

"ரெண்டு வாரத்துக்கு எவ்வளவு கொண்டு வரப்போறா? இங்கயே இருந்துட்டான்னா புது அலமாரியே வாங்கித் தரேன்."

"இருப்பாளாங்க?"

"கடல் இங்க இருக்கறப்ப அவளுக்கு அங்க என்ன வேலை?"

 குல்யாஷுக்கும் அதை நம்ப வேண்டும் போலிருந்தது. அலமாரியை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஜூனில் அல்மாத்தி ரயிலின் கண்டக்டரம்மாள் கையில் ஒரு தெர்மகோல் பெட்டி வந்து சேர்ந்தது. அதற்குள் ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி கோமாளி மீன், பத்து நத்தை, ஐந்து துண்டு பவளம். முதல் நாள் பவளம் சுருண்டு கிடந்தது. ரெண்டாம் நாள் மாலை ஒவ்வொன்றாக விரிந்து, சின்னச் சின்னக் கைகளை நீட்டி அசைந்தது. குல்யாஷ் வாயில் கைவைத்து நின்றாள்.

"ஐயோ, உயிரோட இருக்குதுங்க!"

"பின்ன?"

"இவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்குதுங்க. சும்மாவா வரவேற்கறது?"

சபிர்ஜானுக்கு விஷயம் புரிவதற்குள் அவள் உள்ளே ஓடி, ரெண்டு கை நிறைய மிட்டாயும் சில்லறையும் அள்ளிக்கொண்டு வந்து, கல்யாணப் பெண் தலையில் தூவுகிற மாதிரி வீசிவிட்டாள். பாதி தரையில் விழுந்தது. மீதி கடலில் விழுந்தது.

அப்படித் தூவினதைப் பொறுக்கினால் அதிர்ஷ்டம். வேடிக்கை பார்க்க வந்திருந்த அமன்தாய் தன் பங்கை விடுவாரா? எந்திர எண்ணெய் படிந்த கையை முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் விட்டுத் துழாவினார்.

"டேய், கையை எடுடா!"

"இருய்யா, ஒரு இருபது தெங்கே காசு அகப்பட்டுது!"

காலையில் தண்ணீர் பால் மாதிரி இருந்தது.

"தண்ணில என்னமாவது விழுந்துச்சா?" என்று லாரிசா கேட்டாள்.

"கொஞ்சம் மிட்டாய்."

"கடல்லயா?"

"எங்க வழக்கம் அது, தங்கச்சி."

 "பாதித் தண்ணியை உடனே மாத்துங்க. இனிமே மூணு நாளைக்கொரு தடவை மாத்தணும். எப்பவும் ரெண்டு பீப்பாய் தயாரா வெச்சுக்கங்க" என்றாள்.

ரெண்டு பீப்பாய்க்கு அறையில் இடம் ஏது? கட்டில்தான் மிச்சம். அமன்தாயின் பையனுக்குக் கல்யாணம் முடிந்து, கட்டில் இல்லாமல் தரையில் படுக்கிறான் என்று கேள்வி. கட்டில் ஒரு மாடி கீழே இறங்கிற்று.

"அவ எங்கங்க படுப்பா?" என்று குல்யாஷ் கேட்டாள்.

"கூடத்துல சோபா இருக்கே. தூங்கவா வரா அவ? கடலைப் பார்க்க வரா."

சொல்லிவிட்டாரே தவிர, அன்று சாயங்காலம் காலியான அறைக்குள் தனியாகப் போய் நின்றார். கட்டில் இருந்த இடத்தில் தரை வெளுத்திருந்தது. மகளை இப்போதே பார்க்க வேண்டும் போலிருந்தது. பீப்பாயை அந்த இடத்தின் மேல் நகர்த்தி வைத்தார்.

ஜூலையில் வெயில் நாற்பத்தொன்றைத் தொட்டது. தொட்டித் தண்ணீரின் சூடு முப்பத்தொன்று. பவளம் வெளிற ஆரம்பித்தது. குளிரூட்டும் இயந்திரம் வர மூணு வாரம் ஆகும் என்றாள் லாரிசா.

"மூணு வாரமா?" என்று சபிர்ஜான் சிரித்தார். இது அவருடைய தொழில். உருக்காலையில் கொதிக்கிற உலையையே குளிர வைக்கிற மனுஷனுக்கு ஒரு மீன்தொட்டி எம்மாத்திரம்? நல்ல செம்புக் குழாயாகப் பார்த்து வாங்கி, சுருள் சுருளாக வளைத்து, பளபளவென்று தேய்த்துத் தொட்டிக்குள் இறக்கினார். சுருளுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடிற்று. சாயங்காலத்துக்குள் சூடு இருபத்தாறுக்கு இறங்கிவிட்டது. அமன்தாய்கூட இந்தத் தடவை கேலி செய்யவில்லை.

"கைவேலைன்னா இதுய்யா" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. பவளம் எல்லாம் மூடிக்கொண்டது. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தன.

"புதுசா என்ன வெச்சீங்க?" என்றாள் லாரிசா.

"குழாய். முதல்தரமான குழாய். எங்க ஊர் செம்பு."

"செம்பா? ஐயோ, அது பவளத்துக்கும் நத்தைக்கும் விஷமாச்சே! உங்க ஊர்ல ஒருத்தர்கூடச் சொல்லலையா?"

"எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் செம்பைப் பத்தி நல்லதாத்தாம்மா சொல்லுவாங்க."

போனை வைத்துவிட்டு சபிர்ஜான் பீப்பாய்மேல் உட்கார்ந்தார். முப்பது வருஷம் சோறு போட்ட செம்பு. மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பியது அது, துருக்கிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்ததும் அது. இப்போது அவளைத் திரும்ப விடமாட்டேன் என்று குறுக்கே நிற்கிறது. அவருக்கு அழுகை வந்தது. குல்யாஷ் அருகில் வந்து, அந்தச் சுருளைக் கழற்ற ஒரு கை கொடுத்தாள்.

அப்புறம் இயந்திரம் வரும்வரை மூணு வாரமும் ரெண்டு பேரும் தண்ணீரை மாற்றியபடி வாளியும் கையுமாகத் திரிந்தார்கள். ஜன்னலைக் கம்பளத்தால் அடைத்தார்கள். விசிறி ரெண்டு இரைந்துகொண்டே இருந்தது. நாலு பவளம் போய்ச் சேர்ந்தது. கட்டைவிரல் அளவு இருந்த ஒன்று மட்டும், அது என்ன நினைத்துக்கொண்டதோ, பிழைத்துக்கொண்டது.

ஆகஸ்ட் பதினோராம் தேதி சாயங்காலம் தோல்கின் வந்தாள். ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டாம், டாக்ஸியில் வந்துவிடுகிறேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். கதவைத் திறந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"கண்ணை மூடு, என் ஒட்டகக்குட்டி" என்றார் சபிர்ஜான்.  மகளின் தோளைப் பிடித்து அவள் அறைக்குள் நடத்திக்கொண்டு போனார். "ம், இப்பத் திற."

தோல்கின் கண்ணைத் திறந்தாள். தொட்டியைப் பார்த்தாள். பீப்பாய்களை, குழாய்களை, கம்பளம் தொங்கும் ஜன்னலைப் பார்த்தாள்.

"என் கட்டில் எங்கப்பா?"

"கீழ்வீட்டுப் பையன்கிட்ட இருக்கு. புதுசாக் கல்யாணமானவன், பாவம்."

"அலமாரி?"

"அது... வித்தாச்சு."

"மேஜை?"

"பால்கனியில பத்திரமா இருக்கு. மேல உப்பு மூட்டைதான் வெச்சிருக்கேன். அதை விடு, கடலைப் பாரேன்! எப்படி?"

அவள் தொட்டி முன்னால் குனிந்து அந்த ஒற்றைப் பவளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழகா இருக்குப்பா. நான் இல்லாம நீங்க ரெண்டு பேரும் என்ன பண்றீங்களோன்னு நினைச்சுக் கவலைப்பட்டுட்டிருந்தேன். பரவாயில்ல, உங்களுக்குன்னு ஒண்ணு வந்துடுச்சு."

"எத்தனை நாள் இருப்ப?"

தோல்கின் பீப்பாய்களை இன்னொரு தடவை பார்த்தாள்.

"ரெண்டு வாரம்" என்றாள். "ரெண்டு வாரந்தாம்ப்பா. நான் சோபாவுல படுத்துக்கறேன்."

சபிர்ஜான் தலையாட்டினார். நாலு மாசம் சுமந்த தண்ணீர், அத்தனை வாளி. அந்தப் பெரிய கடல்தான் ஜெயித்தது. மீனுக்குத் தீனி எடுக்கப்போகிறவர்போல நடைவழிக்கு வந்தார். வாசல் கதவு இன்னும் திறந்தே கிடந்தது.

டாக்ஸிக்காரன் ஒரு பெரிய பெட்டியை முதுகில் சுமந்தபடி, மூச்சிரைக்கக் கடைசிப் படியில் ஏறிக்கொண்டிருந்தான்.

"பெரியவரே, கீழ இன்னும் நாலு பெட்டி கிடக்கு, எந்த ரூம்ல அடுக்கறது? கடல் சத்தமே எனக்கு ஆகல, வேலையை விட்டுட்டேன், இனிமே அப்பா அம்மாவை விட்டு எங்கயும் போறதில்லன்னு ஸ்டேஷன்லேர்ந்து சொல்லிக்கிட்டே வந்துச்சே உங்க பொண்ணு!"