இரண்டு பல்லுக்கு ஒரு செயற்றிட்டம்

"ஆ காட்டம்மா. ஒருக்கா. ஒரேயொருக்கா."

மிதுனா காட்டவில்லை. உதடுகளை உள்ளே இழுத்து இறுக்கிக்கொண்டு, கைப்பேசி வெளிச்சத்தோடு குனிந்து நின்ற தகப்பன் மகேசனை முறைத்தாள். வயது ஏழு. மேல்வரிசையில் புதிதாக முளைத்த முன்பற்கள் இரண்டும் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் போலத் தள்ளி நின்றன. நடுவில் ஒரு சோற்றுப் பருக்கை தாராளமாகப் போய்வரலாம்.

உண்மையைச் சொன்னால், மகேசனுக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டே அல்ல. ஒஸ்லோவில் ட்வெய்ட்டாப் பக்கம் நடந்த ஒரு பிறந்தநாள் விழாவில்தான் எல்லாம் தொடங்கியது. யாரோ பலூனை உடைக்க, பிள்ளைகள் எல்லோரும் வாய் நிறையச் சிரித்தார்கள். அவருடைய மகள் மட்டும் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகேசனுக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து கவனித்தார். கார்ட்டூன் பார்த்தாலும் சரி, கிச்சுக்கிச்சு மூட்டினாலும் சரி, சிரிப்பு வருமுன்னே கை வாய்க்குப் போய்விடுகிறது.

"பிள்ளை தன்ர பல்லை நினைச்சு வெக்கப்படுது, சிவகாமி. நீர் பாத்தனீரோ?"

"சின்னப்பிள்ளையள் அப்பிடித்தானப்பா. விடுங்கோ" என்றாள் மனைவி.

அவர் விடுகிற ஆளில்லை. ஏழு வயதில் வாயைப் பொத்திச் சிரிக்கிறவள் பதினேழு வயதில் சிரிக்கவே மாட்டாள் என்று முடிவே கட்டிவிட்டார். தான் பெற்ற பிள்ளை இந்த ஊரில் எவருக்கும் முன்னால் கூச்சமில்லாமல் சிரிக்க வேண்டும். அதற்கு அந்தக் கை கீழே இறங்க வேண்டும். வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

பல் வைத்தியர் யூலியா இரண்டே நிமிடம் பார்த்தார். "அருமையான பற்கள்" என்றார்.

"இந்த இடைவெளி?"

"இந்த வயதில் சாதாரணம். வேட்டைப் பற்கள் வரும்போது பெரும்பாலும் தானாகவே நெருங்கிவிடும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் பார்ப்போம். அதுவரை காத்திருக்கலாம்."

காத்திருக்கலாம்! இந்த நாட்டில் காய்ச்சலுக்கும் அதுதான் மருந்து, இடுப்பு வலிக்கும் அதுதான் மருந்து. ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிற மகேசன் இருபத்துமூன்று வருடமாகப் பனிக்கும் சிவப்பு விளக்குக்கும் பொறுமையாகக் காத்திருந்தவர்தான். மகளின் சிரிப்புக்காக நான்கு வருடம் காத்திருக்க அவரால் முடியவில்லை. அம்மருட்டில் எட்டாம் மாடியில் இருந்த வீட்டுக்கு ஏறி வருவதற்குள் பேர்கனுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார்.

பேர்கனில் இருப்பவர் அக்காவின் கணவர் சோதிலிங்கம். அங்கே ஆஸ்பத்திரியில் வேலை. படுக்கை விரிப்பும் தலையணை உறையும் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற வேலைதான் என்றாலும், குடும்பத்தில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அவரிடம்தான் முதலில் கேட்பார்கள். அவரும் ஒருநாளும் தெரியாது என்று சொன்னதில்லை.

"உது சின்ன விசயம், மகேசு. ரெண்டு பல்லையும் சேத்து ஒரு குட்டி இலாஸ்டிக் போட்டுவிடு. ஒரு கிழமையில ஒட்டியிடும்."

"நிச்சயமோ அத்தான்?"

"நான் ஆஸ்பத்திரியில எத்தினை வருசமா நிக்கிறன்?"

மிதுனாவின் தலைமயிருக்குப் போடுகிற இலாஸ்டிக்குகளில் ஆகச் சின்னதைத் தேடிக்கொண்டிருந்தபோது சிவகாமி கண்டுவிட்டாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். வாயும் பல்லும் அவளுக்குத் தெரியாத சமாச்சாரமில்லை.

"என்ன செய்யிறியள்? உது வழுக்கிப் பல்முரசுக்குள்ள ஏறிச்செண்டால் பல்லே கழண்டு கையில வரும்! இனிப் பிள்ளையின்ர வாயில கை வச்சியளெண்டால் தெரியும்."

இலாஸ்டிக் குப்பை வாளிக்குள் போனது. பல்லில் கை வைக்கக் கூடாது என்றால், வேரையாவது கண்டுபிடிப்போம் என்று மகேசன் கல்யாண அல்பத்தைத் தூக்கினார். இந்த இடைவெளி யார் பக்கத்துப் பரம்பரை? அவர் பக்கமா, அவள் பக்கமா?

ஒரு மணித்தியாலம் புரட்டினார். முன்னூறு படங்கள். ஒரு பல்கூட இல்லை. மாப்பிள்ளை, பெண்பிள்ளை, தோழன், தோழி, வாழ்த்த வந்தவர்கள், சாப்பிட வந்தவர்கள் எல்லோரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நேரே பார்த்தார்கள்.

"என்னப்பா இது, ஒருத்தரும் சிரிக்கேல்லையே?"

"படம் எடுக்கேக்க ஆராவது பல்லைக் காட்டுவினமோ? உங்கட முகத்தைப் பாருங்கோ. வீசா கிடைக்காத ஆள் மாதிரி."

அல்பம் கைவிடவே, மகேசன் சொந்தக்காரரை ஒவ்வொருவராக வீடியோவில் கூப்பிட்டுப் பல்லைக் காட்டச் சொன்னார். ரொறொன்ரோவில் இருந்த மாமி ஒருவர் தாராள மனசுக்காரி. பல்செற்றைக் கழற்றியே காட்டினார். விளைவு, இரண்டு நாளைக்குள் மூன்று கண்டத்துத் தமிழருக்கும் செய்தி போய்விட்டது. மகேசன்ர பிள்ளைக்குப் பல்லில ஏதோ வருத்தமாம். எல்லோரும் திரும்ப எடுத்தார்கள். எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்.

"எங்கை, மிதுனாக்குட்டி, மாமாவுக்கு ஆ காட்டுங்கோ பாப்பம்!"

சிரிக்கும்போது மட்டும் வாயைப் பொத்திய பிள்ளை, இப்போது கதைக்கும்போதும் பொத்தத் தொடங்கியது. கைப்பேசி கிணுகிணுத்தால் ஓடிப்போய்க் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டது.

அடுத்த நாள் மகேசன் பஸ் ஓட்டியபடியே யோசித்தார். வீட்டில் யாரும் பிள்ளையைக் குறை சொன்னதில்லை. அப்படியென்றால் பள்ளிக்கூடத்தில்தான் ஆரோ பகிடி பண்ணுகிறார்கள். கடைசித் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டு வகுப்பாசிரியை லீசாவுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: 'என் மகளைப் பல்லுக்காக யாரோ கேலி செய்கிறார்கள். தயவுசெய்து கவனியுங்கள்.'

மகேசன் ஊரில் படித்த பள்ளிக்கூடத்தில் இப்படியான முறைப்பாட்டுக்கு வாத்தியார் ஒருவனின் காதைத் திருகுவார். விஷயம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. மறுநாளே அதிபர் தொலைபேசி எடுத்தார். இது சட்டப்படி மிகவும் பாரதூரமான விடயம் என்றார். அதற்கடுத்த நாள் மூன்று பக்கத்தில் ஒரு செயற்றிட்டம் வந்தது. யார் பொறுப்பு, எந்தத் திகதிக்குள், யார் கையொப்பம் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது.

செயற்றிட்டத்தின்படி, இடைவேளையில் மஞ்சள் மேலங்கி போட்ட ஆசிரியர்கள் இருவர் மிதுனாவின் பின்னால் நடந்தார்கள். பாடசாலைத் தாதி வந்து 'எல்லாச் சிரிப்பும் அழகு' என்று வகுப்பெடுத்தார். இருபத்திரண்டு பிள்ளைகளும் தத்தமது பல்லை வரைந்து சுவரில் ஒட்டினார்கள். நட்டநடுவில் மிதுனாவின் பல். அவளுக்கு மரியாதை செய்வதாக நினைத்து அதை மட்டும் பெரிய தாளில் வரையச் சொல்லியிருந்தார்கள்.

"அப்பா" என்றாள் மிதுனா, சாப்பாட்டு மேசையில், கைக்குப் பின்னாலிருந்து. "இண்டைக்கு எல்லாரும் என்ர பல்லைப் பாத்தவை. நாளைக்குப் பெரிய வகுப்புக்காரரும் பாக்க வருவினமாம்."

"ஆரம்மா உன்னைப் பகிடி பண்ணினது?"

"ஏன் எல்லாரும் அதையே கேக்கினம்?"

அவள் எழும்பி அறைக்குள் போய்விட்டாள். மகேசன் புட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். நல்லது செய்வதாக நினைத்து வீட்டில் இருந்த கொஞ்சநஞ்சச் சிரிப்பையும் துரத்திவிட்டோமே என்று அவருக்கு அழுகை வந்தது. "நீங்கள் கெட்டது செய்யேல்லை. கொஞ்சம் கூடச் செய்துபோட்டியள்" என்று சிவகாமி தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். சிவகாமிக்கு வேலை. மகேசன் மட்டும் போய், ஏழு வயதுப் பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்தார். எதிரே லீசா, கையில் ஒரு கோப்பு.

"இருபத்திரண்டு பிள்ளைகளிடமும் தனித்தனியாகப் பேசினோம்" என்றார் லீசா. "ஒருவர்கூட மிதுனாவைக் கேலி செய்யவில்லை."

"ஒருவர்கூட?"

"இல்லை. ஆனால் ஒரு பிரச்சினை இருக்கிறது." லீசா கோப்பைப் புரட்டினார். "அந்த இடைவெளியால் மிதுனா இரண்டு மீற்றர் தூரத்துக்குத் தண்ணீர் பீச்சுவாள். வகுப்பில் அவள்தான் முதலிடம். ஐந்து பிள்ளைகள் தங்களுக்கும் அப்படியொரு பல் வேண்டுமென்று வீட்டில் அழுதிருக்கிறார்கள். பெற்றோர் என்னிடம் முறையிட்டார்கள்."

மகேசனுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வாரத்துப் பாரம், இல்லை, பலூன் உடைந்த நாளிலிருந்து சுமந்த பாரம் எல்லாம் ஒரேயடியாக இறங்க, அந்தக் குட்டிக் கதிரை ஆட ஆடச் சிரித்தார். கண்ணில் நீர் வழிந்தது. தன் பிள்ளை வெட்கப்படவில்லை. பெருமையாகத் தண்ணீர் பீச்சிக்கொண்டு திரிகிறாள்!

சிரிப்பு அடங்காமலே கேட்டார். "அப்படியென்றால் அவள் ஏன் வாயைப் பொத்துகிறாள்?"

லீசா பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்.

"'எங்கள் அப்பா எப்போதும் இப்படித்தான் சிரிப்பார், நானும் பழகுகிறேன்' என்றாள். வாயிலிருந்து கையை எடுங்கள் மகேசன், செயற்றிட்டத்தை இன்றைக்கே முடித்துவிடலாம்."