வஞ்சிரத்தோடு அனுப்பிய ரத்தம்

ஜங்லிகாட்,
13.6.2012

அன்புள்ள மாப்பிள்ளை பெரியதம்பிக்கு, உன் அக்காள் வீட்டுக்காரன் ஐயாவு எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூனையும் சௌக்கியம். உன் அக்காளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் திட்டலாமென்றால் பாதித் திட்டில் லைன் போய்விடுகிறது.

மங்கையர்க்கரசிக்குக் கால் மரத்து இரண்டு வருஷமாகிறது. முதலில் சர்க்கரை என்றார்கள், பிறகு வாதம் என்றார்கள். பக்கத்து வீட்டு பெங்காலி "சுனாமி கா டர் ஹை", எல்லாம் சுனாமி பயம்தான் என்றார். பயம் ஐந்தாறு வருஷம் கழித்தா காலில் இறங்கும்? மெயின்லேண்டிலிருந்து முகாமுக்கு வந்த டாக்டர்தான், கால் வீக்கத்தையும் கறுத்த தோலையும் பார்த்துவிட்டு, இது லட்சத்தில் ஒருத்தருக்கு வருவது என்றார். புது ரத்தக்குழாய் முளைக்கச் சொல்லும் சரக்கு ஒன்று நம் ரத்தத்தில் உண்டாம். காயம் பட்டால் சுரக்குமாம். இவளுக்குக் காயமே இல்லாமல் சுரக்கிறதாம். முப்பது வருஷம் பி.டபிள்யூ.டி.யில் பைப் போட்டவனுக்கு இது புரியாதா? ஆர்டர் இல்லாமல் லைன் இழுத்தால் எல்லா ஜாயின்ட்டும் ஒழுகத்தான் செய்யும். நரம்பும் சேர்ந்து கெடுகிறதாம். அந்தச் சரக்கை அளந்து பார்த்தால்தான் சரியான மருந்து தொடங்க முடியும், தாமதித்தால் கைக்கும் ஏறும் என்றார். "கால் எங்க கெடக்குன்னு போர்வையத் தூக்கிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குறேன்" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை.

அளக்கும் வசதி இந்தத் தீவில் இல்லை, உங்கள் ஊரில்தான் உண்டாம். ஆஸ்பத்திரியில் தெளியவைத்த ரத்தத்தைச் சின்னக் குழாயில் கொடுத்தார்கள். காகிதத்தில் சுற்றி, உனக்கென்று வாங்கிய வஞ்சிரத்தோடு ஐஸ் பெட்டியில் வைத்து, சனிக்கிழமை விமானத்தில் அங்கே வந்த நம் முத்துவீரன் கையில் கொடுத்தேன். நீயோ மீனும் ஒரு பொட்டலம் சினையும்தான் வந்தது என்கிறாய். நான் சினையே அனுப்பவில்லை. உன் பெண்டாட்டி ராஜகுமாரி பெட்டியைக் கழுவிக் கவிழ்த்தாளாம். என்ன சுத்தமோ! கூடப் பிறந்தவளின் ரத்தத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு மீன் குழம்பு ருசி என்று போனில் வேறு சொல்கிறாய்.

ராஜகுமாரிக்கும் பிள்ளைகளுக்கும், கோபம் போக மீதியிருக்கும் ஆசிகள்.

இப்படிக்கு,
ஐயாவு

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. இவளுக்கு வறுத்துக் கொடுக்கலாமென்று ஃப்ரீசரிலிருந்த சினைப் பொட்டலத்தை இப்போதுதான் பிரித்தேன். உள்ளே குழாய் இருந்தது. மூன்று நாளாக இங்கே கரண்ட் இல்லை. இனிப் பொட்டலம் வேண்டாம், செவ்வாய்க்கிழமை அவளையே கூட்டி வருகிறேன். ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலிக்குச் சொல்லிவை. அங்கே திரும்பவும் ஊசி குத்துவார்கள் என்று அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "எந்தக் கையில வேணும்னாலும் குத்தட்டும். இப்ப ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். கை நன்றாக இருக்கிறது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.