தலைவர் வீட்டுப் புகை

எங்கள் தெருவின் காற்றைத் தூய்மைப்படுத்துவது என்று ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள் முடிவு செய்தேன். பொதுநலம் என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் தாசில்தார்.

திருவண்ணாமலை தாலுக்கா கச்சேரியில் நான் தலைமைக் குமாஸ்தா. புதிதாக வந்திருந்த தாசில்தார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மலை என்பதைப் படத்தில் பார்த்து வளர்ந்தவர். அவரிடம் ஒரு நாள் பேச்சுவாக்கில், "எங்க மாடியில நின்னா மலையுச்சி கைக்கு எட்டுற மாதிரி இருக்கும் சார். தீபத்தன்னிக்குக் கொப்பரையில நெய் ஊத்துறவர் மீசைகூடத் தெரியும்" என்று சொல்லிவைத்தேன். மீசை வரைக்கும் போயிருக்க வேண்டாம்.

"அப்படியா? அப்ப தீபத்துக்கு அம்மாவையும் அழைச்சுக்கிட்டு உங்க வீட்டுக்கே வந்துடுறேன்" என்றார் அவர்.

உண்மை நிலவரம் வேறு. மலையுச்சியில் தீபம் ஏற்றுவது அந்தி நேரத்தில். பகலெல்லாம் விரதம் இருந்தவர்கள் தீபத்தைக் கண்ட கையோடு சுடச்சுட அடையும் அப்பமும் உண்ண வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். ஆகையால் அந்த ஒரு நாழிகையில் தெருவின் அத்தனை அடுப்புகளும் ஒன்றாக எரியும். அத்தனை புகையும் மாடிகளின்மேல் வந்து உட்காரும். சென்ற ஆண்டு, "அண்ணாமலைக்கு அரோகரா" என்று ஊரே முழங்கியபோது நானும் கண்ணீர் வழியக் கைகூப்பினேன். கண்ணீர் பக்தியால் வந்ததன்று. புகை சற்று விலகிய பிறகு பார்த்தால், நான் அதுவரை கும்பிட்டுக்கொண்டிருந்தது அடுத்த வீட்டுப் பசுபதியின் முருங்கை மரத்தை.

தாசில்தாரின் தாயார் முருங்கை மரத்தைக் கும்பிடுவதற்காகவா எங்கள் வீட்டுக்கு வருகிறார்? என் மானம் அந்தப் புகைக்குள் சிக்கிக்கொண்டிருந்தது.

என் மனைவி சொர்ணாம்பாளிடம் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை; குரல் மட்டும் புகைக்குள்ளிருந்து வந்தது.

"தெருப் புகையை ஒழிக்கப் போறீங்களா? நல்ல காரியம். நம்ம வீட்டுப் புகையை என்ன பண்றதா உத்தேசம்?"

"நம்ம வீட்டுப் புகை உள்ளேயேதானே இருக்கு? வெளியே யாருக்கும் தொந்தரவு இல்லையே."

"நான் யாருங்க அப்ப?"

பதில் சொல்லத் தெரியாத கேள்விகளைக் காதில் வாங்காமல் விடுவது கச்சேரியில் கற்ற பாடம்.

"பிளாக் ஆபீசுலேருந்து கிராம சேவிகா அம்மா வந்து புகையில்லா அடுப்பு போடக் கத்துத் தர்றாங்க. களிமண்ணு போதும். ஒரு புகைபோக்கி வைக்கணும். தளத்துல ஒரு ஓட்டை போட்டா..."

"ஓட்டையா? எங்கப்பா கடுக்காய்த் தண்ணி விட்டு இடிச்சுப் போட்ட தளம் இது. இத்தனை மழைக்கும் ஒரு சொட்டு ஒழுகினதில்லை."

"ஒழுகலைதான். ஒழுகியிருந்தா அந்த வழியா புகையாவது போயிருக்கும்."

பிறகு ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததுலேருந்து தீபம் ஏத்துற அந்த நொடியை நான் பார்த்ததே இல்லைங்க. அந்நேரம் அடை கல்லுல இருக்கும்."

"அதுக்கென்ன? தீபம் நாள் கணக்குல எரியுது. சாவகாசமா வந்து பார்க்கிறதுதானே?"

"எரியுறதைப் பார்க்கிறது வேற. ஏத்துறதைப் பார்க்கிறது வேற."

பெண்களுக்கு நுணுக்கமான வேறுபாடுகளில் ஈடுபாடு அதிகம் என்று எண்ணிக்கொண்டு சட்டையை மாட்டினேன்.

அந்த ஞாயிறு மாலை என் மாடியில் தெருக் கூட்டம் கூட்டினேன். 'தெருக் காற்று நலச் சங்கம்' என்று பெயரும் வைத்தேன். தலைவர் யார் என்ற கேள்வி எழுவதற்கு முன்பே தலைமை உரையைத் தொடங்கிவிட்டதால் அந்தக் கேள்வி எழவில்லை. அடுப்பு பெண்களின் கையில் இருப்பதால் பெண்களையும் அழைத்திருந்தேன். முனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஜோதியம்மாள் முன்வரிசையில் வந்து அமர்ந்தாள்.

விதிகளை நானே வரைந்திருந்தேன். விதி ஒன்று: இலை தழைகளைத் தெருவில் கொளுத்தாமல் எருக்குழியில் இடுக. விதி இரண்டு: ஈர விறகு எரிக்கற்க; ஆடவர் விறகைப் பிளந்து உலர்த்தித் தருக. விதி மூன்றுதான் என் நெஞ்சுக்கு நெருக்கமானது: தீபத்தன்று மாலை எந்த வீட்டிலிருந்து புகை எழுகிறதோ, அந்த வீட்டுத் தலைவன் உடனே அடுப்பண்டை சென்று, தீபம் தெரியும்வரை புகை எழாமல் காத்து நிற்பானாக.

மூன்றாவது விதியைப் பசுபதிக்காகவே செதுக்கினேன். பசுபதி மல்லாட்டை வியாபாரி. கடலைத் தொலியைக் கொண்டுதான் அவன் வீட்டில் அடுப்பெரிப்பார்கள். ரயில் எஞ்சினே நாணும். தாசில்தார் வருகிறார் என்று தெரிந்தால், பக்கத்து நாற்காலியில் வந்தமர்ந்து, நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அவன் சொல்லிவிடுவான். அவன் அன்று அடுக்களையில் நிற்க வேண்டும். காற்றும் தூய்மையாகும், நாற்காலியும் தூய்மையாகும்.

"வீட்டுத் தலைவன்னா ஆம்பளைதானே?" என்று கேட்டாள் ஜோதியம்மாள்.

"ஆம்பளையேதான்."

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும். சட்டம்னா சட்டம்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொர்ணாம்பாள் எழுந்தாள்.

"மூணு விதிக்கும் எங்களுக்குச் சம்மதம். கூட ஒண்ணு சேர்த்துக்கணும். வீட்டுக்கு வீடு புகையில்லா அடுப்பு. நாங்களே கூடி மண்ணு மிதிச்சுப் போட்டுக்கிறோம். தலைவர் வீட்டுலேருந்து ஆரம்பிக்கணும்."

தலைவர் வீட்டிலிருந்து என்ற சொற்கள் காதில் விழுந்ததும் என் தலை தானாகவே ஆடிவிட்டது. பெருமைக்குத் தலையாட்டும் வழக்கம் எனக்கு உண்டு. என் தகப்பனாரின் தளம் நினைவுக்கு வருவதற்குள் எல்லாரும் கைதட்டி முடித்திருந்தார்கள். அதே கைதட்டலில் சொர்ணாம்பாள் செயலாளராகவும் ஆகியிருந்தாள்.

மறுநாள் நான் கச்சேரியிலிருந்து திரும்பியபோது தளத்தில் வானம் தெரிந்தது. நடுக்கூடத்தில் களிமண். அதை மிதித்துக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள். "கொஞ்சம் ஓரமா போங்க தலைவரே" என்று என் வீட்டுக்குள்ளேயே எனக்கு வழி சொன்னார்கள். சுட்ட மண் குழாய் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தளத்தைத் துளைத்து மாடியில் இடுப்பளவு உயரத்துக்கு நின்றது. சரியாக நான் சாய்வு நாற்காலி போடும் இடத்துக்குப் பக்கத்தில்.

"இதை வேற எடத்துல வைக்கக் கூடாதா?"

"அடுப்பு எங்க இருக்கோ அதுக்கு நேர் மேலதாங்க வைக்க முடியும். இத்தனை வருஷமா நீங்க என் தலைமேலதான் நாற்காலி போட்டு உக்காந்திருந்தீங்க."

ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் வீட்டு அடுக்களைக்குச் சுவர்கள் இருப்பதை நான் அன்றுதான் கண்டேன். தீபம் நெருங்குவதற்குள் தெரு முழுவதும் குழாய்கள் முளைத்தன. ஆடவர்கள் விடியலில் விறகு பிளந்தார்கள். இலைச் சருகுகள் எருக்குழிக்குப் போயின. ஜோதியம்மாள் கடையில் இட்லி புகைநாற்றம் இல்லாமல் கிடைத்தது. சிலர் அதை ருசி குறைந்துவிட்டதாகக் கூறினர். காலையில் கதவைத் திறந்தால் மலை எதிரே நின்றது.

பசுபதிகூடக் கடலைத் தொலியை மூட்டை கட்டிச் செங்கல் சூளைக்கு அனுப்பிவிட்டான். இது எனக்குச் சற்று வருத்தம்தான்.

தீபத்தன்று மாலை தாசில்தார் தாயாருடன் வந்து சேர்ந்தார். வானம் கழுவிவைத்த பலகைபோல் இருந்தது. உச்சியில் ஆட்கள் நடமாடுவது எறும்பளவில் தெரிந்தது. மீசை தெரியவில்லை, ஆயினும் யாரும் அதைக் கேட்கவில்லை. பசுபதி வந்து, அழைக்காமலே நாற்காலியில் அமர்ந்தான். அவன் வீட்டுக் குழாயை ஆவலோடு பார்த்தேன். ஓர் இழைப் புகைகூட இல்லை. தெருவின் எந்தக் குழாயிலும் இல்லை.

"தெருவே சேர்ந்து பண்ணியிருக்கீங்க. ரொம்ப அருமை" என்றார் தாசில்தார்.

"எல்லாம் நம்ம யோசனைதான் சார். ஒரு தெரு நெனச்சா..." என்று நான் உரையைத் தொடங்கினேன்.

"சார், புகை" என்றான் பசுபதி.

"எங்கே?" என்று துள்ளி எழுந்தேன்.

"உங்க முதுகுக்குப் பின்னாலதான்."

திரும்பினேன். என் வீட்டுக் குழாயிலிருந்து வெள்ளை வெளேரென்று புகை சுருண்டு சுருண்டு எழுந்து, நேரே தாசில்தாரின் தாயார் பக்கம் போயிற்று. முன்பெல்லாம் என் வீட்டுப் புகை வெளியே தெரியாது. இப்போது தெரிவதற்கென்றே குழாய் வைத்திருந்தோம்.

பசுபதி மூன்றாம் விதியை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தான். 'நிற்பானாக' என்ற இடத்தில் என்னைப் பார்த்தான்.

"இது யார் போட்ட விதி?" என்றார் தாசில்தார் இருமிக்கொண்டே.

"நம்ம சார்தான் போட்டாரு."

"அப்ப அவரே மீறினா நல்லா இருக்காது, இல்லையா?"

மேலதிகாரி சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? இறங்கினேன். படியில் எதிரே சொர்ணாம்பாள் ஏறி வந்துகொண்டிருந்தாள். முகம் கழுவி, மல்லிகை வைத்து, பெட்டியிலிருந்த பட்டுப் புடவையைக் கட்டியிருந்தாள்.

"அடுப்பை விட்டுட்டு நீ எங்க போற?"

"தீபம் பார்க்கத்தாங்க. புகை வந்தா வீட்டுத் தலைவர்தானே அடுப்பண்டை நிக்கணும்? ரெண்டு பேரு நிக்கணும்னு விதியில இல்லையே. மாவு பக்கத்துலயே இருக்கு. சுத்தி எண்ணெய் விடுங்க. செவந்ததும் திருப்புங்க. அந்த அம்மா காலையிலேருந்து பட்டினி."

அடுப்புக்குள் குனிந்து பார்த்தேன். நான் பிளந்து உலர்த்திய விறகு கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல், பார்த்துப் பதமாக வைத்தாற்போல், ஒரு வேப்பங்கொத்து. பச்சைப் பசேல் என்றிருந்தது, இலைகூட உதிரவில்லை. எங்கள் கொல்லை மரத்துக் கொத்துதான். எடுத்து எறிந்ததும் புகை நின்றுவிட்டது. ஆனால் விதி நிற்கவில்லை. தீபம் தெரியும்வரை என்று அதில் எழுதியிருந்தவன் நானேதான்.

மாவை வார்த்தேன். அது நான் நினைத்த வடிவத்தில் விழவில்லை. மாடியில் செயலாளரின் வளையல் ஓசையும், என் நாற்காலி கிறீச்சிடும் ஓசையும் குழாய் வழியே துல்லியமாகக் கேட்டன.

"உட்காருங்கம்மா, என் பக்கத்துல உட்காருங்க. அதோ பாருங்க, கொப்பரைகிட்ட ஆளுங்க" என்று தாசில்தாரின் தாயார் சொல்வதும் கேட்டது.

அடையைச் சுற்றி எண்ணெய் விட்டேன். அதன்பின் எங்கும் ஒரே குரலாக, "அண்ணாமலைக்கு அரோகரா" எழுந்தது. அந்த முழக்கத்துக்குள் சொர்ணாம்பாளின் குரல் தனியாகத் தெரிந்தது. அவ்வளவு இளமையான குரலை நான் கல்யாணத்துக்குப் பிறகு கேட்டதில்லை.

என்னதான் ஆனாலும் நான் இந்த ஊர்க்காரன். தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டு, புகைபோக்கியைப் பார்த்துக் கைகூப்பிக் கண்களை மூடினேன். முருங்கை மரத்துக்கு இது மேல் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு உருகி நின்றேன்.

புகைபோக்கி வழியே செயலாளரின் குரல் இறங்கி வந்தது:

"அங்க என்னங்க பண்றீங்க? அடை தீயற வாசனை தெரு முழுக்க வருது."