துரை காடிக்கு ஒரு டின் எண்ணெய்

ரப்பர் தோட்டத்துத் துரைக்கு டிரைவர் நான். அன்னைக்கு எனக்கு இருந்த வேல ஒண்ணே ஒண்ணு. துரையோட காடிய, அதான் கார, கோலசிலாங்கூர் சீனர் பட்டறைக்குக் கொண்டு போயி, காட்டிட்டு, திரும்பி வரணும்.

காட்டுக்குள்ள இருக்கிற கம்யூனிஸ்டுகள வெள்ளக்காரன் வேட்டையாடுன அவசரகாலம். ரோட்டுல பத்துக் கல்லுக்கு ஒரு சோதனைக் கேட்டு, கேட்டுக்கு நாலு துப்பாக்கி. அதுக்கு நடுவுல எங்க துரை வாங்கியாந்தாரு ஒரு அமெரிக்கா காடி. கிளச்சு கெடையாது, கியர் அதுவா மாறும்.

லயத்துல, எங்க கூலி வீட்டு வரிசையில, அடிச்ச கிண்டலக் கேக்கணுமே. "கியர் தானா மாறுதாம்லா. அப்பறம் டிரைவர் எதுக்கு, ஹாரன் அடிக்கவா?"

ஒரு வாரமா காடி சரியில்ல. மிதிச்சா இஞ்சின் கத்துது, காடி நவுர மாட்டேங்குது. அப்பறம் திடீர்னு பின்னாலேர்ந்து எவனோ ஒதச்ச மாதிரி பாயுது. நான் பெரிய ஆளாச்சே, பெட்ரோல்ல தண்ணின்னேன், பிரேக்கு புடிக்குதுன்னேன். கடைசியா எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துனேன். பழம்தான் நசுங்குச்சு.

துரை கூப்பிட்டாரு. அவரு தமிழ் இப்படித்தான்: "மாரி, நாளைக்கி நான் கோலாலம்பூர் போறான். காடி நிக்கிறான், நீ பால் வெட்டப் போறான்."

என் வாய நம்பாம ஆபீசுல கணக்கு எழுதுற கிராணி சாமுவேல் ஐயாவையும் கூட அனுப்புனாரு, பில்லுல கையெழுத்துப் போட. ஐயா கஞ்சி போட்ட வெள்ளக் கால்சட்டையில வந்து ஏறுனாரு.

பட்டறை தவுக்கே, அந்தச் சீன மொதலாளி, கேட்டாரு. "கியர் எண்ணெய் பாத்தியா?"

"தெனம் காலையில பாக்குறேன் தவுக்கே. குச்சியில நெறைய காட்டுது."

"இஞ்சின் ஓடிச்சா?"

"ஏன் ஓடணும்? பச்சத் தண்ணி மாதிரி ஆறிப் போயி இருக்கும்."

அவரு என்ன பாத்த பார்வ இருக்கே. "இஞ்சின் சூடா ஓடுறப்ப பாக்கணும் லா. நின்னா பொய் சொல்லும்." ஓட விட்டு எடுத்தாரு. குச்சி நுனியில கூட எண்ணெய் இல்ல. அடியில கசிவு. ஊத்துனதும் காடி வெண்ணெயா வழுக்கிட்டுப் போச்சு. "கசிவுக்கு அடுத்த வாரம் வா. நாளைக்கிக் கெளம்புறப்ப இத ஊத்து"ன்னு ஒரு டின் குடுத்தாரு. ரத்தச் செவப்பு எண்ணெய்.

திரும்பி வர்றப்ப அசாம் ஜாவா கேட்டுல ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒருத்தன், நம்ம ஆளுதான், பின்னால தொறந்து மெதுவா மோந்து பாத்துக்கிட்டு இருந்தான். சும்மா இருந்திருக்கலாம். நான் துரை குரல்ல ஒரு அதட்டு போட்டேன். "ஏய் மேன், சீக்கிரம் பாக்குறான்!"

வெறச்சுப் போயி சல்யூட் அடிச்சிட்டான். திரும்பிப் பாத்தா நான்.

"ஓ. இந்த டின்னு என்னண்ணே?"

"காடிக்கு எண்ணெய்ப்பா."

"டின்னுன்னா ஓட்ட போடணும். காட்டுல இருக்கிறவனுக்குச் சாப்பாடு போகக் கூடாதுல்ல. சட்டம்."

"டேய், பால் டின்னுக்குத்தாண்டா அது. இத எவன் குடிப்பான்?"

"அது அவன் விருப்பம்." மேல ஒரு குத்து, கீழ ஒரு குத்து.

நிமித்துனாலும் ஒழுகுது, படுக்க வச்சாலும் ஒழுகுது. கிராணி ஐயாதான் மடியில வச்சு ரெண்டு பக்கமும் கட்டவெரல வச்சு அடைச்சாரு. "மெல்லப் போ மாரி."

பால்வெட்டுக் கத்தி கண்ணுக்குள்ள நிக்குது, எங்க மெல்லப் போறது? வளவுல திடீர்னு பட்டாளத்துக் கேட்டு. அமுக்குனேன் பிரேக்க. ஒரு வெரல் நழுவி, மார்லேர்ந்து முட்டி வரைக்கும் ஐயா செவப்பா ஆயிட்டாரு.

எட்டிப் பாத்த வெள்ளக்காரச் சிப்பாய் விசில் அடிச்சான். நாலு பேரு ஓடியாந்து ஐயாவ ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சு, நல்லா இருந்த தொடைய இறுக்கிக் கட்டுனாங்க. அவரு பேச வாயெடுத்தா, பேசக் கூடாதுன்னு வாயப் பொத்துறாங்க.

நான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல வெளக்கப் பாத்தேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் துரை என்னத் திட்டுன இங்கிலீஷு. அதையும் துரை குரல்லயே சொன்னேன். துப்பாக்கி என் மூக்குக்கு வந்துருச்சு.

முன்னால பட்டாளத்து லோரி, பின்னால நான், தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஊர்வலம். ஐயா சம்சாரம் நெஞ்சுல அடிச்சிக்கிட்டு ஓடியாறாங்க. மருந்து குடுக்குற டிரெசர் கால்சட்டைய கத்திரிச்சுப் பாத்தாரு. தேடித் தேடிப் பாத்தாரு. விரல்ல தொட்டு மோந்தாரு.

"ஐயா, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. காடிக்கு ஊத்துறத ஒடம்புக்கு ஊத்தியிருக்கீங்க."

ஆனா பாருங்க, ஸ்ட்ரெச்சர்லயும் மனுஷன் டின்ன விடல. ரெண்டு கட்டவெரலும் ஓட்டையிலயே இருந்துச்சு. பில்லுல கையெழுத்துப் போட்ட மனுஷனாச்சே. அர டின்னு மிச்சம்.

மறுநா காலையில இஞ்சின நல்லா ஓட விட்டு, சூடாக்கி, குச்சியப் பாத்து, அந்த அர டின்ன ஊத்துனேன். எண்ணெய் அளவு கோட்டுல சரியா நின்னுச்சு. கோலாலம்பூர் போயித் திரும்புற வரைக்கும் ஒரு ஒதை இல்ல. எறங்குறப்ப துரை சொன்னாரு: "மாரி, காடி நல்லா ஓடுறான். நீயும் ஓட்டுறான்."

வேல தப்பிச்ச சந்தோஷத்துல கிராணி ஐயா ஆபீசுக்கு ஓடுனேன். "அடுத்த வாரம் கசிவு அடைக்கப் போகணும், வர்றீங்களாய்யா?"

புதுக் கால்சட்ட. கறுப்பு. தலைய நிமிராம சொன்னாரு. "வர்றேன். டின்ன நீ புடிச்சிக்க, காடிய நான் ஓட்டுறேன். அதான் தானா ஓடுதே."

டின்னு ஓட்டைய அர நாள் அடைச்ச மனுஷன், என் வாய அர நொடியில அடைச்சிட்டாரு.