கொக்கின் தொண்டையில் மீன்

மாப்பிள்ளை வீட்டார் வந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஜுனைதா ஒரு பொய் சொல்லிவிட்டாள்.

"இந்தச் சாறன் எங்கட நஸீறா நெய்ததுதான்."

அந்தக் கைலியை நெய்தது அவள் கணவன் கச்சிமுகம்மது. அவன் அசர் தொழுகைக்குப் போயிருந்தான். மகள் நஸீறா தறியில் உட்கார்ந்தால் துணியை விட அறுந்த நூலே அதிகமாகும். ஆனால் வீட்டுக்கு வீடு தறியுள்ள மருதமுனையில் பெண்ணுக்கு நெசவு வராதென்று எந்த வாயால் சொல்வது? அதுவும் மாப்பிள்ளை மசூர் மட்டக்களப்பில் கந்தோர்க் கிளாக்கர், மேசை உத்தியோகம் என்னும்போது.

மாப்பிள்ளையின் தாய் நாச்சியா சாறனைப் புரட்டி, கரையை நகத்தால் நீவினாள்.

"இழை பிசகல்ல. நல்ல கை."

மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த சின்ன மகள் லைலா தலையைத் தூக்கினாள்.

"ஆர்ட மீன், கொக்கே?"

ஜுனைதாவின் கை இனிப்புத் தட்டுக்குப் போனது. பிள்ளைகள் அலுக்காமல் நூல் சுற்றவென்று கச்சிமுகம்மது தறியில் இருந்தபடி சொல்லும் கதை அது. ஆறு வயதுதான், ஆனால் ஒரு சொல் மாறினாலும் லைலா விடமாட்டாள்.

"சும்மா பினாத்துது," என்று ஒரு துண்டுத் தொதலை அவள் வாயில் திணித்தாள்.

"நஸீறா கொஞ்சம் தறியில இரிக்கட்டும், பாப்பம்," என்றாள் நாச்சியா.

"அவக்கு விரல்ல காயம், மச்சி."

ஜுனைதா உள்ளே ஓடி மகளின் விரலில் துணி சுற்றினாள். நஸீறா தேத்தண்ணியுடன் வந்தாள்.

"என்ன நடந்த, மகள்?" என்று கேட்டாள் நாச்சியா.

"தறிநாடா பட்ட," என்றாள் நஸீறா.

"கத்தி வெட்டின," என்றாள் ஜுனைதா, அதே நேரத்தில்.

லைலா தொதலை விழுங்கிவிட்டாள். "ரெண்டாந்தரம் கேட்டதும் மீன் இன்னும் வீங்கிச்சு."

"அதென்ன கதை, மகள்?" நாச்சியா குனிந்தாள்.

"நீர்க்காகம் புடிச்ச மீனக் கொக்கு களவெடுத்திச்சு. 'ஆர்ட மீன், கொக்கே?' எண்டு நண்டு கேட்டிச்சு. 'என்ட மீன்' எண்டு..."

"பிறகு கொக்கு மீன முழுங்கிட்டுப் பறந்து போயிட்டு," என்று ஜுனைதா அவசரமாக முடித்தாள்.

"இல்ல! வாப்பா அப்புடிச் சொல்லல்ல! பொய் சொல்லச் சொல்ல மீன் தொண்டையில பெருக்கும். மூச்சு வராது. உண்மையச் சொன்னாத்தான் மீன் வெளிய விழும்."

நாச்சியாவுக்கு மூத்தவளான ராத்தா சபியா உம்மா வந்ததிலிருந்து வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தாள். இப்போது அவளுக்குப் புரையேறியது.

லைலா தாயின் கழுத்தையே பார்த்தாள். பிள்ளையின் கண்கள் கலங்கியிருந்தன.

"உம்மா, நோகுதா?"

ஜுனைதாவால் அதற்குமேல் முடியவில்லை.

"மச்சி, சாறன் இவட வாப்பா நெய்த. நஸீறாக்கு அறுந்த நூல முடியக்கூடத் தெரியா. விரல்ல காயமும் இல்ல."

லைலா நிம்மதியாக மறுபடி நூல் சுற்றத் தொடங்கினாள். நாச்சியா சாறனை மெதுவாக மடித்துப் பாயில் வைத்தாள். நல்ல சம்பந்தம் வாசலைத் தாண்டிப் போவதை ஜுனைதா கண்ணால் கண்டாள்.

சபியா உம்மா வெற்றிலையைப் படிக்கத்தில் துப்பினாள்.

"நாச்சியா, நம்மட மீனையும் கக்கிடுவம். எனக்கு மூச்சு முட்டுது. மட்டக்களப்பில மசூர் இரிக்கிறது கந்தோரில இல்லகா, தறியில."