கையை அளந்தியளா, அண்ணாச்சி?

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவை யோசித்து, அளந்து, திட்டம் போட்டு உருவாக்கியவன் நான். பொய். நான் அளந்த அளவுக்குக் கதவு செய்திருந்தால் என் மனைவி கோமதி இன்றைக்கும் அந்த வாசலில் மாட்டிக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள். செய்தவர் 'ஒரு நூல்'. திருவனந்தபுரத்தில் கதவு செய்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். கதவு செய்வதற்கு வீட்டிலிருக்கிற ஆட்களை, சட்டை தைக்கிற மாதிரி நிற்கவைத்து அளக்கிற ஆசாரி இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்யும். நான் கேட்டதில்லை. நூல் என்றால் தச்சு வேலையில் இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. இவர் எதைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்து, "ஒரு நூல் இடிக்குதே" என்பார். கல்யாணப் பந்தியில் தன் இலை மேஜைக்கு வெளியே ஒரு நூல் நிற்கிறது என்று எழுந்து அடுத்த பந்திக்குப் போனவர். வயது நாற்பதுக்குள்தான். காதில் இயர்போன் இருக்கும், ஆனால் பாட்டு எதுவும் ஓடாது. "சும்மா மாட்டிருந்தா யாரும் பேச்சுக்கு வரமாட்டாங்கல்லா" என்று காரணம் சொல்வார்.

நான் தோசை மாவு விற்கிறவன். ஏழாம் வகுப்பை இரண்டு தடவை படித்தேன். மொத்தம் எட்டு வருஷம் ஆகிறதால் வெளியில் எட்டாம் வகுப்பு என்று சொல்லிக்கொள்வேன். ஸ்ரீவராகத்தில் வீட்டிலேயே அரைத்து, ஸ்கூட்டரில் கட்டி, கழக்கூட்டத்து ஃப்ளாட்டுகளில் கொண்டு கொடுப்பேன். அங்கே ஒன்பதாவது மாடியில்தான் இவரை முதலில் பார்த்தேன்.

அந்த வீட்டுக்காரர் சாஃப்ட்வேர் ஆள். வீட்டிலிருந்தே வேலை. யாரும் தொந்தரவு செய்யாதபடி அறைக்கு நல்ல கதவு கேட்டிருக்கிறார். ஒரு நூல் ஹாலில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவர் மனைவி டீ கொண்டு ஏழு தடவை உள்ளே போனார். அடுத்த வாரம் கதவு வந்தது. நடுவில், டம்ளர் மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு குட்டி ஜன்னல்.

"நான் கேட்டது கதவு!" என்று அவர் கத்தினார்.

"கதவுதான் சார். டீ வரும், ஆள் வராது. கேட்டோ?"

அவர் இங்கிலீஷில் என்னென்னவோ சொன்னார். நான் மாவுப் பொட்டலத்தை வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். அடுத்த மாதம் போனால் அந்த மாடியில் நாலு வீட்டுக் கதவில் குட்டி ஜன்னல்.

இவர் ஒரு கோட்டி, சரியான கிறுக்கு என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். பிறகு எனக்கே கதவு தேவைப்பட்டது.

கோமதி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. மழைத் தண்ணீரில் வழுக்கிவிட்டாள் என்று டாக்டரிடமும் தெருவிலும் சொன்னேன். அதுவும் பொய். கிரைண்டர் அறையில் நான்தான் மாவைச் சிந்தினேன். துடை என்றாள். அப்புறம் துடைக்கிறேன் என்றேன். அந்த அப்புறம் வருவதற்குள் அவள் விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும் நான் மழையைத் திட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் அன்றைக்கு ராத்திரி தூங்கியிருப்பேன்.

ஆபரேஷன் முடிந்தது. சில மாதம் சக்கர நாற்காலி, பிறகு வாக்கர், பிறகு நடக்கலாம், வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். பாலியேட்டிவ் கிளினிக்கில் ஒரு நாற்காலி இரவல் கொடுத்தார்கள். கொண்டுவந்து குளியலறைக்குத் தள்ளினேன். போகவில்லை. டேப்பை எடுத்தேன். நாற்காலி இருபத்தைந்து இன்ச், வாசல் இருபத்துநாலு. என் வாழ்க்கையில் நான் சரியாகப் போட்ட ஒரே கணக்கு. ஒரு நூலைக் கூப்பிட்டேன்.

"ஒண்ணரை இன்ச் உடைச்சா போதும்வே ஆசாரி. சக்கரத்துக்குச் சக்கரம் அளந்துட்டேன்."

"கையை அளந்தியளா, அண்ணாச்சி?"

"எந்தக் கையை?"

அவர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அகலமான அடுக்களை வாசலில் இரண்டு பலகையை நிறுத்தி, நான் சொன்ன அளவுக்கு இடைவெளி வைத்தார். "இப்ப நீங்களே உருட்டிப் போங்க." உருட்டினேன். இரண்டு கையின் விரல் முட்டியும் பலகையில் உரசித் தோல் போனது. நான் அலறினேன்.

"உரிஞ்சது உங்க கைதானே, பரவால்ல" என்றார். "கோமதி மைனி கை எவ்வளவு வெளிய வருதுன்னு பாக்கணும். வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அங்கே கோமதியை அதே மாதிரி நாற்காலி ஒன்றில் உட்காரவைத்திருந்தார்கள். இவர் நேராகப் போய், "மைனி, கையைச் சக்கரத்துல வையுங்க" என்று டேப்பை நீட்டி, முழங்கைக்கு முழங்கை அளக்க ஆரம்பித்துவிட்டார். ஓடிவந்தாள் ஒரு நர்ஸ்.

"எந்தா சேட்டா இது? சேச்சிக்கு ப்ளவுஸ் தைக்கான் வந்நதாணோ?"

"அல்ல சிஸ்டரே, கதகு."

"கதகோ?" அவள் கோமதியை ஒருதரம் பார்த்தாள், டேப்பை ஒருதரம் பார்த்தாள், பிறகு நான் ஏதாவது விளக்குவேன் என்று என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

கோமதி சிரித்தாள். விழுந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி அவரிடம் சொன்னாள்: "தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். நானே உள்ள போகணும், நானே சாத்தணும், நானே கொண்டி போடணும். இத்தனை நாளா யாராவது ஒருத்தர் கதவைப் பிடிச்சுக்கிட்டே நிக்காங்க. இவுகளும் நிக்காக. கண்ணை மூடிக்கிட்டு, இருமிக்கிட்டே நிக்காக."

மரியாதைக்குத்தான் இருமினேன். அது அவளுக்கு இத்தனை கஷ்டமாக இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் ஒரு நூல் சொன்னார்: "உள்ள திறக்கிற கதவு ஆகாது. நாற்காலி உள்ள போனபிறகு எப்படிச் சாத்துவாங்க? வெளிய திறந்தா எட்டிப் பிடிக்க முடியாது. தள்ளுகதவுதான். மேல சேனல்ல தொங்கும். படியையும் வெட்டி எடுக்கணும்."

செவ்வாய்க்கிழமை சுவரை உடைத்தார், நிலையைப் பெயர்த்தார், பழைய கதவைக் கழற்றி ஓரமாகச் சாத்தினார். புதன்கிழமை ஆளைக் காணோம். மழை வெளுத்து வாங்கியது. போன் செய்தேன். அணைத்து வைத்திருக்கிறார் என்று ஒரு பெண்குரல் மலையாளத்தில் சொன்னது. முப்பது தடவை கூப்பிட்டிருப்பேன். கடைசியில் அந்தக் குரலே என்னை விசாரிக்கும் போலிருந்தது. குளியலறை, சுவரில் ஓர் ஓட்டையாக வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கோமதியின் பழைய சேலையைத் திரையாகக் கட்டிப் பார்த்தேன். ஃபேனைப் போட்டால் சேலை விலகியது, ஃபேனை நிறுத்தினால் எனக்கு வியர்த்தது. அன்றைக்கு அரைத்த மாவில் உப்புப் போட மறந்தேன். கழக்கூட்டமே உப்பில்லாத தோசை தின்றது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆட்டோவில் கதவோடு வந்து இறங்கினார்.

"எங்கவே போனீரு?"

"மழைக்கு மரம் உப்பும்லா? ஒரு நாள் வெளிய வச்சு, எவ்வளவு உப்புதுன்னு பாத்தேன். பக்கத்துலயே இருந்தேன்."

"போன்?"

"கதவு பாக்கிற நேரத்துல போன் எதுக்கு?"

மாட்டினார். தள்ளிப் பார்த்தேன், ஓடியது. கும்பிடலாம் போலிருந்தது. அவர் தலையைச் சாய்த்தார்.

"ஒரு நூல் இடிக்குதே."

"ஒண்ணும் இடிக்கல! நல்லா ஓடுது! நாளைக்குப் பதினோரு மணிக்கு அவ வந்துருவா!"

"நின்னுக்கிட்டுத் தள்ளுனா ஓடும். உக்காந்து இழுங்க."

உட்கார்ந்தேன். கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். கதவு அசையவில்லை. நான்தான் நாற்காலியோடு உருண்டு கதவின் மேல் போய் மோதினேன். மறுபடி இழுத்தேன், மறுபடி நானே போனேன். நின்றால் உடம்பு கனத்தை ஊன்றி இழுக்கலாம், உட்கார்ந்தவருக்கு அது கிடையாது. மூன்றாம் தடவை நெற்றியில் புடைத்துவிட்டது.

"பாத்தியளா?" என்று அவர் கதவைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டார். நான் வாசலை மறித்து நின்றேன். கெஞ்சினேன், மிரட்டினேன். கடைசியில், யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்: "ஆசாரி, அது மழைத் தண்ணி இல்ல. நான் சிந்துன மாவுதான்வே. இதாவது சரியா இருக்கணும்."

அவர் கதவை இறக்கவில்லை. "தெரியும். உங்க வீட்டு மழைத் தண்ணில உளுந்து வாசம் வந்துச்சே" என்றார். "அதனாலதான் கொண்டு போறேன். வழி விடுங்க."

கதவை இழைத்துக் கனம் குறைத்து, மேலே ஓடுகிற உருளையையும் மாற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வந்தார். ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்பும்போது கைப்பிடிக்குக் கடைசி ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தார். கோமதியை இறக்கி நாற்காலியில் வைத்தார்கள். அவள் வீட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. நேராகக் குளியலறைக்கு உருட்டிப் போனாள். இரண்டு கைக்கும் இடம் இருந்தது. படி இல்லாததால் குலுங்காமல் உள்ளே போனாள். உட்கார்ந்தபடி கையை நீட்டினாள். கைப்பிடி அவள் தோள் உயரத்தில் இருந்தது. ஒரே விரலால் இழுத்தாள். கதவு சத்தமில்லாமல் வந்து மூடியது.

பிறகு கொண்டி விழுந்தது. டக்.

நானும் ஒரு நூலும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளேயிருந்து கோமதியின் குரல்:

"ரெண்டு பேரும் அங்க நிக்காண்டாம். போங்க."

அடுக்களைக்கு ஓடினோம். அவர் தலையைச் சாய்க்கவில்லை. எதுவும் இடிக்கிறது என்று சொல்லவில்லை. இயர்போனைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, டீ கேட்டார்.

கதை அதோடு முடியவில்லை. கோமதி வாக்கர் பிடித்து எழுந்த வாரம், கூப்பிடாமலேயே வந்து நின்றார். "மைனி எந்திரிச்சுட்டாங்கல்லா. கைப்பிடியை ஏத்தணும்." பழைய ஸ்க்ரூ ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்துவிட்டு, ஒரு சாண் மேலே மாட்டினார். இன்றைக்குக் காலையில் மறுபடி வந்திருக்கிறார். வாக்கரும் போய்விட்டது, நிமிர்ந்து நடக்கிறாள், கைப்பிடி இன்னும் நாலு விரல் ஏற வேண்டும் என்று அதையும் ஏற்றி முடித்துவிட்டார். கதவில் இப்போது அடைத்த ஓட்டைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு வரிசை. முதல் வரிசையைக் குளிக்கப் போகும்போதெல்லாம் தொட்டுப் பார்ப்பேன். நான் கீழே தள்ளியவளை இந்த மனுஷன் ஸ்க்ரூ ஸ்க்ரூவாக மேலே ஏற்றியிருக்கிறார்.

இவரைப் பற்றி இன்னும் ஒன்று எழுத வேண்டும். மணக்காட்டில் ஒரு வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் அலமாரி செய்யப் போய், இவர் முதலில் யாரை அளந்தார் என்றால்...

"அண்ணாச்சி! எழுதுனது மதி, போதும். இங்க வாங்க."

"என்னவே?"

"நாற்காலி இன்னைக்குத் திரும்பப் போகுதுல்லா? அதுக்கு முன்ன ஒருதரம் உக்காருங்க. உங்க கையையும் அளந்து வச்சுக்கிடுதேன்."

"எனக்கு எதுக்குவே? நான் நல்லாத்தானே இருக்கேன்!"

"நல்லாவே இருங்க. யாரு வேண்டாம்னா?"

கோமதி உள்ளிருந்து சிரிக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் போகிறேன். என்னை அளந்து வைத்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கட்டும்.